இப்போது குடை என்ன நிறம்?

பிப்ரவரி 4

என் அருமை அக்காவுக்கு,

எப்படி இருக்கே? மாமாவுக்கு முதுகு வலி குறைஞ்சுதா? நான் நல்லா இருக்கேன்னு எழுதினா பொய். நான் பறக்கிறேன்! உட்கார முடியல, இந்த மெயிலையே நின்னுக்கிட்டுத்தான் அடிக்கிறேன்.

வேலை கிடைச்சிருச்சுக்கா! எங்கேன்னு கேளு. கேளேன். சரி, நீ கேட்கிற ஆளு இல்ல, நானே சொல்றேன். ஏழு வருஷத்துக்கு முன்னாடி நீ வேலை பார்த்தியே, கட்டடங்களோட உறுதியைச் சோதிக்கிற ஆபீஸ், அதே ஆபீஸ்! அதே முதலாளி சார்!!

சாரோட மேடைப் பேச்சு வீடியோவையெல்லாம் வெட்டி, கீழே எழுத்துப் போட்டு, நான் நெட்ல ஒரு பக்கம் நடத்துறேன்ல? நாப்பதாயிரம் பேர் பார்க்கிறாங்க. சாரோட மகள் அதைப் பார்த்துட்டு மெசேஜ் பண்ணாங்க. "எங்க ஆபீஸ்ல இருக்கிற எங்களை விட எங்கப்பாவை உனக்கு நல்லாத் தெரியுது, வந்து சேரு"ன்னு. சாரோட வாழ்க்கைத் தத்துவத்தை வச்சே கம்பெனிக்குப் புதுப் பேரு, புது லோகோ, புதுப் படம், எல்லாம் மாத்தப் போறாங்க. அதைச் செய்யப் போறது யாரு? காலேஜ் பக்கமே போகாம, வீடியோ பார்த்தே டிசைன் கத்துக்கிட்ட உன் தங்கச்சி!

எல்லாம் உன்னாலதான். நான் ஸ்கூல் படிக்கிறப்ப நீ சாப்பிடும்போது சுவரைப் பத்தியே பேசுவே. சுவர் பேசும், காது குடுத்தாக் கேக்கும்னு சொல்வே. அப்புறம் திடீர்னு நிறுத்திட்டே. நான் நிறுத்தல.

உடனே பதில் போடு. போன் பண்ணா எடுக்க மாட்டேங்கிறே, "நீ பேசினா நடுவுல மூச்சு விடக்கூட இடம் கிடைக்காது, எழுது"ங்கிறே. எழுதிட்டேன். இப்ப உன் முறை.

துள்ளிக்கிட்டே,
உன் பம்பரம்


பிப்ரவரி 17

அன்புப் பம்பரத்துக்கு,

நாங்கள் சுகம். மாமா நிமிர்ந்து நடக்கிறார், அதனால் உயரம் கூடிவிட்டதாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? உன் கடிதத்தில் அது ஒன்றுதான் இல்லை.

வேலை கிடைத்ததில் சந்தோஷம். உன் உழைப்புக்குக் கிடைத்தது. என் தங்கை என்று அங்கே யாரிடமும் சொல்லிக்கொள்ளாதே. சிபாரிசு என்று நினைப்பார்கள்.

இங்கே குடிநீர் வாரியத்தில் வேலை சரியாக இருக்கிறது. பூமிக்கு அடியில் போகிற குழாய்களை வரைகிறேன். யாரும் அண்ணாந்து பார்க்கத் தேவையில்லாத வேலை. பதில் தாமதமானதற்கு அதுதான் காரணம்.

அன்புடன்,
அக்கா

பின்குறிப்பு: அவர் அந்தக் குடைக் கதையை இன்னும் சொல்கிறாரா? இப்போது குடை என்ன நிறம்?


பிப்ரவரி 18

அக்கா, அக்கா, அக்கா,

நல்லா இருக்கேன், சாப்பிட்டேன், தூங்கல. மாமாவோட புது உயரத்துக்கு என் வாழ்த்து.

குடைக் கதையை "இன்னும் சொல்றாரா"வா? அக்கா, அந்தக் கதைதான் இப்ப கம்பெனியே! ஒரு ஸ்கூல் கட்டடத்தைக் காலையில சோதிச்சு, எல்லாம் சரின்னு முடிவு பண்ணிட்டு சார் ஆபீஸ் வந்துடுறார். மத்தியானம் ஒரே மழை. பார்த்தா குடையை ஸ்கூல்லயே மறந்துட்டார். மழை விட்டதும் எடுக்கப் போறார். சுவரெல்லாம் காஞ்சிருச்சு, ஆனா மேல்மாடி நடைபாதைக்கு அடியில ஒரே ஒரு கோடு மட்டும் ஈரமா, கறுப்பா நிக்குது. விரிசல்! உள்ளே தண்ணியைப் பிடிச்சு வச்சிருக்கு. காலையில வெள்ளையடிச்ச சுவர்ல தெரியவே இல்ல. மறுநாள் ஸ்கூல் திறக்கணும், முந்நூறு பிள்ளைங்க அந்த நடைபாதையில ஓடியிருக்கும். உடனே மூடி, முட்டுக் குடுத்து, இடிச்சுப் பார்த்தா உள்ளே கம்பியெல்லாம் துருப்பிடிச்சு நூலா இருக்கு.

"ஒரு தடவை பார்த்தது பார்த்ததே இல்லை"ன்னு சார் முடிப்பார். எனக்கு இப்பவும் புல்லரிக்குது. நூறு தடவை எடிட் பண்ணியிருக்கேன், அப்பவும்.

கம்பெனியோட புதுப் பேரு "மறுபார்வை". லோகோ குடை. நிறம் கறுப்பு. ஏன் கேட்டே?

மே 10 அறிமுக விழா. அதுவரைக்கும் எனக்குத் தற்காலிக வேலைதான். சாருக்குப் பிடிச்சா நிரந்தரம். பிடிக்கலேன்னா பழையபடி கடைகளுக்கு விலைப் பட்டியல் டிசைன் பண்ண வேண்டியதுதான். அக்கா, எனக்கு இது வேணும். என் வாழ்க்கையில வேற எதையும் இவ்வளவு கேட்டதில்ல.

உன் பேரைச் சொல்லல, கவலைப்படாதே.

பரபரப்புடன்,
பம்பரம்


மார்ச் 20

அன்புப் பம்பரத்துக்கு,

இங்கே எல்லோரும் நலம். உனக்குத் தூக்கம் வருகிறதா?

ஒரு மாதமாக எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. நான்கு தடவை எழுத உட்கார்ந்தேன். எழுதியதெல்லாம் குழாயைப் பற்றியே இருந்தது.

ஒன்று கேட்கிறேன். நீ இவ்வளவு பேச்சைக் கேட்டிருக்கிறாய். "குடையை மறக்காமல் எடுத்துப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்?" என்று கூட்டத்தில் யாராவது எழுந்து கேட்டிருக்கிறார்களா? கேட்டிருந்தால் அவர் என்ன சொன்னார்?

மறந்ததைத் தத்துவம் என்று பலகையில் எழுதி மாட்டலாமா என்று தெரியவில்லை. நீ வேலையைச் செய். நன்றாகச் செய்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 21

பாசமுள்ள, ஆனா ரொம்பக் குதர்க்கமான அக்காவுக்கு,

நலம்தான். நீயும் நலம்னு நம்புறேன், இவ்வளவு சண்டைக்கு வர்றதுக்குத் தெம்பு இருக்கே!

யாரும் கேட்டதில்ல. ஏன் கேக்கணும்? சார் மறந்தாரு, திரும்பிப் போனாரு, முந்நூறு பிள்ளைங்க பிழைச்சுது. போதாதா? உனக்கு அங்க யாராவது பிடிக்காம இருந்துச்சுன்னா நேரா சொல்லு. குழாய்க்குள்ளேருந்து பேசாதே.

எனக்கு இங்க வேற தலைவலி. இதுவரைக்கும் முப்பத்தோரு கறுப்புக் குடை வரைஞ்சிட்டேன். மேடம் (சாரோட மகள்) ஒவ்வொண்ணையும் பார்த்துட்டு, "இது மழைக் காப்பீட்டு விளம்பரம்", "இது வௌவால்", "இது தொங்கவிட்ட வௌவால்"ங்கிறாங்க. நேத்து ரொம்ப நொந்துட்டாங்க. "எல்லாம் அழகா இருக்கு. ஒண்ணையும் யாரும் மறந்துட்டுப் போன மாதிரி இல்ல"ன்னாங்க. சரியாச் சொன்னாங்க. உயிர் இல்ல.

அப்பத்தான் தோணுச்சு. எனக்குத் தெரிஞ்ச, மறக்கிறதுக்குன்னே பிறந்த குடை ஒண்ணுதானே? நம்ம வீட்டுக் கதவுக்குப் பின்னாடி தொங்குமே, உன் பச்சைக் குடை. வாத்துத் தலைக் கைப்பிடி, அலகு நுனி உடைஞ்சது, ஒரு கம்பியில சிவப்பு நூல் சுத்தியிருக்கும். எத்தனை தடவை நீ அதை பஸ்ஸுல விட்டுட்டு ஓடியிருக்கே! ஞாபகத்துலேருந்தே வரைஞ்சேன். அஞ்சே நிமிஷம். மேடம் பார்த்ததும், "இது! இதேதான்!"னு கத்திட்டாங்க. நிறத்தை அப்புறம் கறுப்பா மாத்திக்கலாமாம்.

சார் ஊர்ல இல்ல. வந்ததும் காட்டணும். வேண்டிக்கோ.

உன் பம்பரம்


ஏப்ரல் 9

அக்கா,

நல்லா இருக்கியா? பதிலே காணோம். எனக்கு உன்னைத் தவிர இதைச் சொல்ல ஆள் இல்ல.

இன்னைக்கு சார்கிட்ட படத்தைக் காட்டினோம். பெரிய திரை. முதல்ல பேரு வந்துச்சு, சிரிச்சார். அடுத்து எழுத்து வடிவம் வந்துச்சு, தலையாட்டினார். மூணாவதா குடை.

அவர் எழுந்து திரைகிட்ட போனாருக்கா. அந்த உடைஞ்ச அலகு மேல விரலை வச்சார். "இதை எங்கம்மா பார்த்தே?"ன்னார். குரல் சாதாரணமாத்தான் இருந்துச்சு. நான், "கற்பனைதான் சார்"னு உளறிட்டேன். "நூல் கூடவா கற்பனை?"ன்னு கேட்டுட்டு வெளியே போயிட்டார். மேடம் பின்னாடியே ஓடி, "அப்பா, பிடிக்கலையா?"ன்னாங்க. "பிடிச்சிருக்கு, ஆனா வேண்டாம்"னார். மத்தியானக் கூட்டமெல்லாம் ரத்து.

மேடம் என்னை முறைச்சாங்க. "என்னடி பண்ணே எங்கப்பாவை?" நான் என்ன பண்ணேன்?

அக்கா, நம்ம குடை இப்ப எங்க இருக்கு?

பயத்தோட,
பம்பரம்


ஏப்ரல் 12

பம்பரம்,

குடை என்னிடம்தான் இருக்கிறது.

அந்தப் படத்தை எடுத்துவிடு. வேறு ஏதாவது வரை. சுத்தியல் வரை. சுவர் வரை. உன்னால் முடியும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஏப்ரல் 15

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கிற நிலைமையில நான் இல்ல, மன்னிச்சிடு.

உன் மெயில் எல்லாத்தையும் ரெண்டாவது தடவை படிச்சேன். முதல் தடவை உன்னை யாரு படிச்சா, என் பேச்சுக்கு நடுவுல நீ வந்தே, அவ்வளவுதான். இப்பப் படிச்சா ஒரே ஒரு கோடு மட்டும் காயாம நிக்குது. முதல் மெயில்லயே நிறத்தைக் கேட்டிருக்கே.

குடையை மறந்தது நீ. திரும்பிப் போனது நீ. விரிசலைப் பார்த்தது நீ. ஆமாவா இல்லையா?

ஆமான்னா அந்த ஆளு ஏழு வருஷமா மேடை மேடையா ஏறி உன் கதையை வித்திருக்கார். நான் அதுக்கு இசை போட்டு, எழுத்துப் போட்டு, நாப்பதாயிரம் பேருக்குக் காட்டியிருக்கேன்! இருநூத்துப் பன்னெண்டு வீடியோ. ஒவ்வொண்ணா அழிக்கட்டுமா? இல்ல புதுசா ஒண்ணு போடட்டுமா, "உண்மையான குடை இதுதான்"னு? ஒரு வார்த்தை சொல்லு. வேலை போனாப் போகட்டும், விலைப் பட்டியல் நம்மைக் காப்பாத்தும்.

ஆமாவா இல்லையா? குழாய் வேண்டாம். பதில் வேணும்.

பம்பரம்


ஏப்ரல் 26

அன்புத் தங்கைக்கு,

மாமா நலம். நான் நலமா என்று இதைப் படித்துவிட்டு நீயே சொல்.

ஆமாம். குடையை மறந்தது நான். திரும்பிப் போனது நான். விரிசலைப் பார்த்து அவருக்குப் போன் செய்ததும் நான். ஆனால் நீ வீடியோ போடுமுன் காலையில் நடந்ததையும் கேட்டுக்கொள். அதை யாரும் எந்த மேடையிலும் சொன்னதில்லை.

நான் தனியாகப் போன முதல் சோதனை அது. நடைபாதையின் அடிப்புறத்தைப் பன்னிரண்டு இடங்களில் சுத்தியலால் தட்டிக் கேட்க வேண்டும். உறுதியான இடம் கணீரென்று ஒலிக்கும். உள்ளே கெட்டுப்போன இடம் பொத்தென்று கேட்கும். ஏணியில் நின்று அண்ணாந்து தட்டினேன். கழுத்து வலித்தது. கண்ணில் சுண்ணாம்பு விழுந்தது. ஏழு இடமும் கணீரென்றே கேட்டது. மீதி ஐந்தும் அப்படித்தான் இருக்கும் என்று இறங்கிவிட்டேன். பன்னிரண்டு கட்டத்திலும் சரி என்று குறித்து, "குறை ஏதும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

விரிசல் எட்டாவது இடத்தில் இருந்தது.

சாயங்காலம் அவர் வந்து பார்த்தார். என் அறிக்கையை வாங்கினார். "இது வெளியே போனா உன் லைசென்ஸ் போயிரும். இனி ஒரு சுவரையும் உன்னைத் தொட விடமாட்டாங்க. நான் பார்த்தேன்னு எழுதிக்கிறேன். உன் தாளைக் கிழிச்சுப் போட்டுட்டேன், மறந்துடு" என்றார். நான் அவர் காலில் விழாத குறை.

முதலில் "எங்க ஆபீஸ்ல ஒருத்தர்" என்றுதான் கதையைச் சொன்னார். பிறகு "நானும் இன்னொருத்தரும்" என்றார். பிறகு ஒரு விழாவில் நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தபோது குடை கறுப்பாகிவிட்டது, மறந்தவரும் அவராகிவிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அவர் என்னைக் காப்பாற்றினாரா, என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டாரா? கோபப்படவும் முடியவில்லை, நன்றி சொல்லவும் முடியவில்லை. அடுத்த மாதம் வேலையை விட்டேன். கல்யாணம் நல்ல சாக்காக வந்தது.

குடையை மறக்காமல் எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பில் அன்றிலிருந்து எந்த நடைபாதைக்கு அடியிலும் நான் நின்றதில்லை.

இப்போது சொல், எதை அழிப்பாய்?

அக்கா


மே 3

அக்காவுக்கு,

முதல்ல, நீ நலமா இல்ல. ஏழு வருஷமா இல்ல. எனக்கு அது தெரியாமப் போச்சேன்னு ரெண்டு நாளா யாரோடயும் பேசல. நான்! பேசல! மேடம் ஜுர மாத்திரை குடுத்தாங்க.

எதையும் அழிக்கல. நேரா சார் அறைக்குப் போனேன். "நான் அவங்க தங்கச்சி சார்"னேன். அவர் ஆச்சரியப்படல. "அலகைப் பார்த்தப்பவே நினைச்சேன். உட்காரு"ன்னார். திட்டணும்னு வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிட்டுப் போனேன். ஆனா அவர்தான் பேசினார்.

"அவ ஏழோட நிறுத்தினான்னு எனக்குத் தெரியும். ஏணி நின்ன தடம் தரையில ஏழுதான் இருந்துச்சு. அவ வயசுல நான் நாலோட நிறுத்தினவன்மா. எனக்கு மழை வரல, யாருக்கும் தெரியல, அவ்வளவுதான்."

நான் கேட்டேன், "அப்ப ஏன் சார் உங்க கதையாச் சொன்னீங்க?"

"முதல்ல அவளை மறைக்கத்தான் சொன்னேன். அப்புறம் கைதட்டு நல்லாயிருந்துச்சு."

அப்படியே சொன்னாருக்கா. மழுப்பவே இல்ல. அப்புறம் கீழ் டிராயரைத் திறந்து ஒரு கவரை எடுத்தார். உன் அறிக்கை. அவர் கிழிக்கல! பன்னெண்டு கட்டமும், உன் குண்டுக் கையெழுத்தும் அப்படியே இருக்கு. "கிழிச்சிட்டேன்னு பொய் சொன்னேன். என்னால கிழிக்கவும் முடியல, அவகிட்ட குடுக்கவும் முடியல. விழாவுல அவதான்னு சொன்னா, இதையும் சேர்த்துச் சொல்லணும். அதை அவதான் முடிவு பண்ணணும். என்ன சொல்றாளோ அதை அப்படியே மேடையில சொல்றேன்"னார்.

அந்தத் தாளை ரிஜிஸ்தர் தபால்ல அனுப்பியிருக்கேன். உன்கிட்ட மட்டும்தான் இருக்கணும். படம் பிடிச்சு வச்சுக்கலாமான்னு கை துறுதுறுன்னுச்சு. சத்தியமா எடுக்கல.

விழா 10ஆம் தேதி. சீக்கிரம் சொல்லுக்கா. நீ என்ன சொன்னாலும் நான் உன் பக்கம்.

பம்பரம்


மே 11

அக்கா,

எப்படி இருக்கே? நெஜமாவே கேக்கிறேன். தபால் உன் கைக்கு வந்ததுன்னு காட்டுது. மாமாவுக்குப் போன் பண்ணா, "உங்கக்கா லீவு போட்டுட்டு எங்கேயோ போயிருக்கா, கேட்காதேன்னு சொல்லிட்டா, நான் கேட்கல"ங்கிறார். நல்ல மனுஷன்தான், ஆனா இந்த நேரத்துலயா இவ்வளவு நல்லவரா இருக்கணும்?

விழா நடந்துச்சு. காலையிலேருந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மெயிலைத் திறந்தேன். சார் மேடைக்குப் படி ஏறுறப்பவும் என்னைப் பார்த்தார். நான் இல்லைன்னு தலையாட்டினேன்.

நல்லாத்தான் பேசினார். கதை வர்ற இடம் வந்துச்சு. கூட்டமே நிமிர்ந்து உட்கார்ந்துச்சு, எல்லாருக்கும் மனப்பாடமாச்சே. பின்னாடி திரையில குடை வரணும். நான் பொத்தான் மேல விரலை வச்சுக்கிட்டு நிக்கிறேன். சார் சொன்னார், "இந்தக் கதையை இன்னைக்கு நான் சொல்லப் போறதில்ல. இது என்னோடது இல்ல. இத்தனை நாள் என்னோடதுன்னு சொன்னது தப்பு. யாரோடதோ, அவங்ககிட்டேருந்து அனுமதி வரல. வந்தா சொல்றேன், வரலேன்னா இல்ல." சொல்லிட்டு இறங்கிட்டார். நான் பொத்தானை அமுக்கல. திரை வெள்ளையாவே நின்னுச்சு.

கூட்டம் எழுந்து நின்னு கைதட்டுச்சுக்கா. என்னமோ புது விளம்பர உத்தின்னு நினைச்சுட்டாங்க. நான் தட்டல.

மேடம் முகம் சிவந்து போயிருந்துச்சு. திங்கக்கிழமை காலையில அறைக்கு வரச் சொல்லியிருக்காங்க. வேலை இருக்குமா போகுமா தெரியல. ராத்திரியெல்லாம் மெயிலைத் திறந்து திறந்து மூடினேன். ஆனா வேலையை நினைச்சு இல்ல.

நீ எங்க இருக்கே?

பம்பரம்


மே 14

என் பம்பரத்துக்கு,

நான் நலம். இந்தத் தடவை வெறுமனே எழுதவில்லை. கழுத்து மட்டும் வலிக்கிறது, காரணம் சொல்கிறேன்.

தாள் வந்தது. இரண்டு நாள் சமையலறை அலமாரியின் மேல் கிடந்தது. மூன்றாம் நாள் அதையும் சுத்தியலையும் பையில் போட்டுக்கொண்டு, மழை மூட்டமாக இருந்ததால் குடையையும் எடுத்துக்கொண்டு, அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். விடுமுறை. தலைமையாசிரியையிடம் வாரியத்திலிருந்து குழாய் பார்க்க வந்திருப்பதாகச் சொன்னேன். "குழாய் மேலேயா இருக்கு?" என்று கேட்டார். "இருக்கான்னுதான் பார்க்கணும்" என்றேன். ஏணி கொடுத்தார். நம் குடும்பத்தில் நீ ஒருத்திதான் வாயாடி என்று நினைத்திருந்தேன்.

நடைபாதையின் அந்தப் பாதியைப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். அடியில் போய் நின்றேன். எட்டாவது இடத்தில்தான் ஆரம்பித்தேன். எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு. பிறகு முதலிலிருந்து ஏழு. ஒவ்வொன்றிலும் மூன்று தட்டு. எல்லாம் கணீரென்று கேட்டது. கண்ணில் சுண்ணாம்பு விழுந்தது. இறங்கவில்லை.

அங்கேயே மாடிப்படியில் உட்கார்ந்து பழைய தாளின் பின்பக்கம் எழுதினேன். அதை அவரிடம் நீ படித்துக் காட்ட வேண்டும். மாற்றாமல் படி:

"ஏழு இடம் தட்டிவிட்டுப் பன்னிரண்டு என்று எழுதியவள் நான். குடைக்காகத் திரும்பி வந்து விரிசலைப் பார்த்தவளும் நான். இரண்டையும் சேர்த்து, என் பெயரோடு சொல்வதானால் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் சொல்வதானால் வேண்டாம். உங்கள் நாலு இடத்தையும் சேர்த்துக்கொண்டால் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு உதவும். குடை பச்சை."

இதனால் லைசென்ஸ் போனால் போகட்டும். போகாவிட்டால் வாரியத்தில் சொல்லிவிட்டு, பழையபடி கட்டடம் சோதிக்க ஏணி ஏறலாமா என்று யோசிக்கிறேன். யோசிக்கிறேன், அவ்வளவுதான். அதற்குள் எல்லோருக்கும் சொல்லி வைக்காதே.

திங்கட்கிழமை என்ன ஆயிற்று? எழுது. வேண்டாம், போன் செய். எடுக்கிறேன்.

உன் அக்கா

பின்குறிப்பு: குடையைப் பள்ளிக்கூடத்துப் படியிலேயே மறந்து வைத்துவிட்டேன். பஸ் ஏறிய பிறகுதான் ஞாபகம் வந்தது. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. இறங்கலாமா என்று எழுந்தேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன். பன்னிரண்டும் தட்டியாகிவிட்டது. யாராவது நனையாமல் வீட்டுக்குப் போகட்டும்.